போன் வைக்கும்வரை சமைத்தவன்

துபாய் கராமாவில் எங்கள் வீட்டு வேலைக்கு இருப்பவள் கென்யாவின் கிசி இனத்துப் பெண். அவள் இங்கே வந்ததிலிருந்து ஊரில் பிள்ளைகளுக்குச் சமைப்பது புருஷன்தான். அவர்கள் பக்கத்தில் ஆம்பளை அடுப்படிக்குள் நுழைந்தால் கேலி செய்வார்களாம். அதனால் கதவைச் சாத்திக்கொண்டுதான் மக்காச்சோளக் களி கிண்டுவான். இவள் வீடியோ காலில் பக்குவம் சொல்வாள்.

ஒருநாள் நான் சமையலறைக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது அவன் போனில் என்னைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டான். "சாரும் சமைப்பாரான்னு கேக்கிறார்" என்றாள், எங்கள் வீட்டில் பழகிய தமிழில். எனக்கு என்ன தோன்றியதோ, அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிச் சாம்பாரைக் கிளறினேன். அவன் முகமெல்லாம் சிரிப்பு. போனை வைத்ததும் கரண்டியை அவளிடமே நீட்டிவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரித்தே மானத்தை வாங்கிவிடுவாள்.

இப்போது அவன் கதவைத் திறந்துவைத்தே சமைக்கிறானாம். கேலி செய்கிறவர்களிடம், துபாயில் ஆபீசரே சமைக்கிறார் என்கிறானாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அப்படியும் அடுப்புப் பக்கம் போகவில்லை.

நேற்று அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சார், அவர் கூப்பிடுறார். கொஞ்சம் வந்து அடுப்புகிட்ட நில்லுங்க."