மூன்றாவது கண்ணாடி

என் எழுத்து மேசையின் இழுப்பறையில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி இருக்கிறது. லேசர் ஆய்வுக்கூடங்களில் கண்ணுக்கு மாட்டிக்கொள்வது. பச்சை கலந்த தடித்த கண்ணாடி, மூக்கை அழுத்தும் கறுப்பு ரப்பர் விளிம்பு, தலையைச் சுற்றி இழுத்து மாட்ட ஓர் எலாஸ்டிக் பட்டை. பட்டை ஓரிடத்தில் அறுந்து, அங்கே சிவப்பு ரவிக்கைத் துணியை மடித்து வைத்து நெருக்கமாகக் கையால் தைத்திருக்கிறது. நாற்பது வருடங்களுக்கு மேலாக நான் வீடு மாறியபோதெல்லாம் அதுவும் கூடவே வந்தது. என் மனைவி இரண்டு முறை அதைக் குப்பையில் போடப் பார்த்தாள். இரண்டு முறையும் அவளிடம் கத்தினேன், ஏன் கத்தினேன் என்று சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அது ஓரிடத்தில் உட்காரவிடாத நோயாகவே ஆகிவிட்டது. இதை எழுதும்போதுகூட நாலு முறை எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன்.

நான் வேலை பார்த்தது லேசர் இயற்பியலுக்கான ஒரு தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தில். வடக்கே இருக்கிறது, பெயர் வேண்டாம். இன்று அதன் வாசலில் அடையாள அட்டையைக் காட்டி மூன்று கதவு தாண்ட வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது அது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நாலு கொட்டகை. வெளிநாட்டுக் கருவிக்கு விண்ணப்பித்தால் வந்து சேர்வதற்குள் அதைக் கேட்டவருக்கு மாற்றல் வந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் நாங்களே ஒப்பேற்றினோம். மேசை அதிரக்கூடாது என்று அதன் அடியில் காற்றடைத்த ஸ்கூட்டர் டியூப்களை வைத்தோம். ஒளியின் பலத்தை அளக்கக் கருவி இல்லை, சவர பிளேடுகளை அடுக்கி வைத்து, ஒரே வீச்சில் எத்தனை பிளேடு துளைபடுகிறது என்று எண்ணினோம். "இன்னைக்கு மூணு பிளேடு" என்று கேன்டீனில் ஒருவர் சொன்னால் மற்றவர்களுக்குச் சோறு இறங்காது.

அந்தக் கொட்டகையில் எங்கள் தொழில்நுட்ப உதவியாளர் கச்சிராயபாளையத்துக்காரர். நான் பக்கத்துக் கள்ளக்குறிச்சி. கச்சிராயபாளையத்தில் எங்களுக்குக் கரும்பு நிலம் இருந்தது, அதில் அவருடைய அப்பா வெட்டுக்கு வந்திருக்கிறார். கட்டட வேலைக்கு வடக்கே வந்த இவர், கொட்டகைக்குக் கூரை போட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டவர். லேசரின் இரண்டு மிரர்களும் மயிரிழை பிசகாமல் ஒன்றையொன்று பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஒளி பிறக்காது. முனைவர் பட்டம் வாங்கிய நாங்கள் ஒரு நாள் முழுக்கத் திருகித் தோற்ற பிறகு அவரைக் கூப்பிடுவோம். அவர் திருகாணியை விரலால் தொட்டுக்கொண்டு, எதையோ காதால் கேட்பவர் போலத் தலையைச் சாய்த்து நிற்பார். கொஞ்ச நேரத்தில் சுவரில் ஒட்டிய கறுப்புத் தாளில் பொசுங்கிய புள்ளி வந்துவிடும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அவர் என்னை சார் என்றார். அது எங்கள் இருவருக்குமே இயல்பாக இருந்தது என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கொட்டகையில் மொத்தம் மூன்று பாதுகாப்புக் கண்ணாடிகள்தான். ஒருநாள் மத்தியானம் எங்கள் துறைத் தலைவர் ஒரு விருந்தாளியை அழைத்து வந்து, பிளேடில் துளை போட்டுக் காட்டச் சொன்னார். ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டார்கள். மூன்றாவது கண்ணாடி உதவியாளரிடம் இருந்தது. நான் வேலையில் சேர்ந்து ஏழெட்டு மாதம், கதவோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தம்முடையதைக் கழற்றி என் தலையில் மாட்டி, பட்டையைக் காதுக்கு மேல் சரிசெய்தார். "கிட்ட போயி பாருங்க சார். நான் தெனமும் பாக்கறதுதான்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பச்சை வழியாக அவர் சுவிட்சுப் பெட்டிப் பக்கம் போய், முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். முதல் வீச்சு சரியாக விழுந்தது. "இன்னொரு தடவை" என்றார் தலைவர். அதற்குள் பிளேடு பிடிப்பிலிருந்து நழுவிச் சாய்ந்திருந்ததை எங்களில் யாரும் கவனிக்கவில்லை. சுவிட்சைத் தட்டும்போது உதவியாளர் ஒரு கணம் திரும்பினார். அந்த லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாத வகை. சாய்ந்த பிளேடில் பட்டு அது எங்கே போனது என்று எங்களுக்குத் தெரியவே இல்லை.

அவர் கத்தவில்லை. "உள்ள டப்புன்னு ஒண்ணு கேட்டுச்சி சார்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, "உங்க காது தெரியுது, மூஞ்சி இல்ல" என்றார். வலது கண்ணில் பார்வையின் நடு மட்டும் போயிருந்தது, பிறகு வரவே இல்லை. அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் விடுதி அறைக்கு வந்து முகம் கழுவக் குனிந்தபோதுதான் அந்தக் கண்ணாடி என் நெற்றியிலேயே இருப்பது தெரிந்தது.

விசாரணை அறிக்கை நாலு வரி. ஊழியர் பாதுகாப்புக் கண்ணாடி அணியாத அலட்சியத்தால் விபத்து நேர்ந்தது, அவர் பொறுப்பிலிருந்த கண்ணாடியும் காணாமல் போயிருக்கிறது. சாட்சியாக என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்கு வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. அவர் அணியவில்லை என்பது நிஜம்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு போட்டேன். அவரை ஸ்டோர் அறைக்கு மாற்றினார்கள். மிரரைத் திருகிய விரலால் சில வருடம் நட்டுகளையும் போல்ட்டுகளையும் எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கி ஊருக்குப் போனார்.

பிறகு நடந்ததுதான் கேவலம். வருடங்கள் போய் என்னையே நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியாகப் போட்டார்கள். புதிதாகச் சேரும் ஒவ்வொரு அணிக்கும் முதல் வகுப்பு என்னுடையது. அதில் நான் சொல்லும் கதை, கண்ணாடி போடாமல் கண்ணை இழந்த ஊழியரின் கதை. முதலில் தயங்கித்தான் சொன்னேன். போகப் போகக் கண் காது மூக்கு வைத்துச் சொல்லத் தொடங்கினேன். அவர் அவசரக்காரர் என்றேன், நானே எச்சரித்தும் கேட்கவில்லை என்றுகூட ஒருமுறை சொல்லிவிட்டேன். பிள்ளைகள் அமைதியாகக் கேட்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனுக்குக்கூடச் சோறு போதவில்லையே என்று கவலை இருக்கும். எனக்கு அதுவும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு, நிறுவனத்தின் பொன்விழா மலருக்கு வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். கொட்டகை, ஸ்கூட்டர் டியூப், பிளேடு எல்லாம் மளமளவென்று வந்தன. விபத்து வந்ததும் நின்றுவிட்டது. பத்து நாள் அந்த ஒரு பத்தியை எழுதி அடித்தேன். கடைசியில் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிச் சின்னசேலத்தில் இறங்கினேன். அதை உதவியாளர் கையில் தனியாகக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுவது என் திட்டம். கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ் ஒரு கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்தது. இறங்கி நடந்துவிடலாமா என்று மூன்று முறை எழுந்து உட்கார்ந்தேன்.

அவர் வீட்டு வாசலில் ஒரு பம்ப்செட் மோட்டாரைப் பிரித்துப் போட்டு, அச்சை விரலால் தடவிக்கொண்டிருந்தார். குரலை வைத்தே கண்டுகொண்டார். "வாங்க சார். அந்தாண்ட நிக்காதீங்க, இப்பிடி இடது பக்கமா வாங்க, அப்பதான் மூஞ்சி தெரியும்" என்றார். அவர் மனைவி காப்பி போட்டுக்கொண்டு வந்து வைத்தார். நான் நலம் விசாரித்ததுதான் தாமதம், அந்த அம்மா ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு கண்ணாடிய எடுத்து மாட்டிக்கறதுக்கு இன்னா நோவுங்க இவருக்கு? பட்ட அந்துபோச்சின்னு நான் தச்சிக் குடுத்து ரெண்டு நாளு ஆவல. அதக்கூட எங்கியோ தொலச்சிட்டு வந்து நிக்கறாரு. எங்க வெச்சன்னு தெரியலன்றாரு, இன்னிக்கி வரிக்கும்."

அதற்கு மேல் என்னால் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியவில்லை. எடுத்து நீட்டினேன். அந்த அம்மா வாங்கி, கட்டைவிரலால் தையலை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"இது என் தையலு. உங்ககிட்ட எப்பிடிங்க வந்துச்சி?"

சொன்னேன். கையெழுத்தையும் சொன்னேன், வகுப்பில் சொன்ன கதையையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, புருஷன் பக்கம் திரும்பினார்.

"குடுத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்ல வாயில்லியா உனக்கு?"

"சொன்னா வுட்டிருப்பியா? போடலன்னா ஒரு நாளு திட்டு. ஊரான் புள்ளைக்குக் குடுத்துட்டேன்னா தெனமும் திட்டு."

"தெனமும்தான திட்டனேன்" என்றார் அந்த அம்மா.

பிறகு அந்த அம்மா கண்ணாடியை என் மடியிலேயே வைத்தார். "அங்க இன்னா எழுதி வெச்சிக்கிறாங்களோ அத மாத்தி எழுதிட்டு எடுத்துக்கினு வாங்க. அப்ப வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உதவியாளர், "வுடுங்க சார், அவ அப்பிடித்தான்" என்று எழுந்து என்னோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தார். எதிரே கல்வராயன் மலை வெயிலில் மங்கலாக நின்றது. ஏன் கழற்றிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக அவரை நீங்கள் என்று சொன்னது அப்போதுதான்.

"உங்க வூட்டுப் புள்ள, நீங்க வெறுங்கண்ணோட நிக்கறப்ப நான் மாட்டிக்கினு நிக்கறதா சார்?" என்றார்.

ஊர்ப்பாசம் என்று நான் இத்தனை வருடம் நினைத்து உருகியது அதுதானா, இல்லை எங்கள் கரும்புக்காட்டு வரப்பில் அவருக்குப் படிந்த பழக்கமா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். எதுவானாலும், தலையை நீட்டியவன் நான். பஸ் வந்ததும் அவர், "இப்ப எத்தன பிளேடு சார் போவுது?" என்று ஆசையாகக் கேட்டார். "இப்ப யாரும் எண்ணறதில்ல" என்றேன். அவருக்கு அது ஏமாற்றமாக இருந்தது போலிருந்தது.

திரும்பி வந்து அந்தப் பத்தியை ஒரே மூச்சில் எழுதி அனுப்பினேன். விழா மலரில் இதெல்லாம் வேண்டாமே என்று மலர்க்குழு மரியாதையாகச் சொன்னது. பளபளக்கும் தாளில் புத்தகம் வந்துவிட்டது. ஓர் ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த சிறு விபத்துக்குப் பின் ஒவ்வொருவருக்கும் தனிக் கண்ணாடி வழங்கப்பட்டது என்று இருக்கிறது. அதன் கீழே என் பெயர்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இது அச்சானதும் எடுத்துக்கொண்டு மறுபடி சின்னசேலத்தில் இறங்க வேண்டும். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். மாற்றி எழுதியதாக இதை ஏற்றுக்கொள்வாரா, கண்ணாடியைத் திரும்பவும் என் மடியில் வைப்பாரா தெரியவில்லை. இழுப்பறை திறந்தே கிடக்கிறது, சிவப்புத் தையல் தெரிகிறது. கேட்கப்போவது அவர் என்பதால், விசாரணை அறிக்கை சொல்லாமல் விட்டதை அவருக்குப் புரியும்படி கடைசியாக ஒருமுறை எழுதிவிடுகிறேன். அன்றைக்கு உங்கள் வீட்டுக்காரர் கண்ணாடி போட்டிருக்கவில்லை. அதை நான் போட்டிருந்தேன்.