முகவரி மாற்றும் பெட்டி

நெட்வொர்க் பெட்டிகளைச் சோதிப்பவருக்குச் சம்பளம் கொடுப்பதே பயப்படுவதற்குத்தான். நீங்களும் இந்தத் தொழில் என்றால் விளக்க வேண்டியதில்லை. இரண்டாயிரங்களின் கடைசியில், சிறுசேரியில் என் மேசைக்குப் கம்ப்யூட்டர்களை இணைக்கும் புதுவகை ஸ்விட்ச் ஒன்று வந்தது. எங்கோ இருக்கும் மென்பொருள் கட்டளையிடும், இது கேட்டு நடக்கும். வரும் தகவல் பாக்கெட்டுகளின் மேலுள்ள முகவரியை அடித்துவிட்டு வேறு எழுதி அனுப்பும். அதுதான் அதன் பெருமை.

படுத்த கோடு

முகவரியை மாற்றாமல் அனுப்பினால் பெட்டி பறந்தது. மாற்றச் சொன்னேன், திரையில் வேகக்கோடு தரையோடு படுத்துவிட்டது. கேபிளைச் சந்தேகப்பட்டேன், என்னையே சந்தேகப்பட்டேன். கடைசியில் பிடிபட்டது. உள்ளேயிருந்த வேகமான சிப்புக்கு அந்த முகவரியை மாற்றத் தெரியாது. ஓரமாக இருக்கும் சின்ன பிராசஸரிடம் தள்ளிவிடுகிறது. அது ஒவ்வொன்றாக எழுதி முடிப்பதற்குள் பின்னால் வருபவை தொலைந்துபோகின்றன.

மேனேஜர் ரகுராமனிடம் ஓடினேன். ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த சமயம், பக்கத்து மேசைகள் காலியாகிக்கொண்டே வந்தன. அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "கல்பனா, ஆஸ்பத்திரியில டேட்டா ட்ராஃபிக் கம்மிதான். இதை இப்ப யார்கிட்டயும் சொல்லாதே."

ஸ்கேன் அறை

அவர் சொன்னது செங்கல்பட்டிலிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியை. பெட்டியை முதலில் மாட்டிப் பார்க்கச் சம்மதித்தவர்கள் அவர்கள்தான். நான்தான் போய் மாட்டினேன். அது என்ன செய்யும் என்று ஸ்கேன் எடுக்கும் மேரி அக்கா கேட்டார், முகவரிக் கதையைச் சொன்னேன். காலை முழுக்க ஒரு குறையும் இல்லை.

மதியம், பைக்கிலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தலையில் அடி. ஸ்கேன் படங்கள் சென்னையிலிருந்த நரம்பியல் டாக்டருக்குப் போக வேண்டும். எல்லாம் பெரிய படங்கள், சென்னைக்குப் போகும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முகவரி மாற வேண்டும். பாதியில் நின்றது, மறுபடி ஆரம்பித்தது, மறுபடி நின்றது. அடிபட்டவரின் மனைவி கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை டாக்டர் என்று நினைத்தாரோ என்னவோ.

பழைய ஸ்விட்ச் அலமாரியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கேபிளைப் பிடுங்கி அதில் செருகப் பார்த்தேன். முதல் தடவை உள்ளே போகவில்லை. அப்புறம் போனது, படங்களும் போயின. அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார் என்று மறுநாள்தான் தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் மேரி அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னா மேடம் இது, ஆளு சாவக் கெடக்கறாரு, உங்க பொட்டி அட்ரஸ் எழுதிக்கினு கீது."

கடலோர ஹோட்டல்

அடுத்து மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் கூட்டம். பெட்டிகளை மொத்தமாக வாங்கவிருந்த நிறுவனத்திலிருந்து ஜெயந்தி மேடம் வந்திருந்தார். ரகுராமன் முகவரி மாற்றாமல் பறந்த கணக்கை மட்டும் திரையில் போட்டார்.

"முகவரி மாத்தும்போதும் இதே வேகமா?" என்று ஜெயந்தி மேடம் கேட்டார்.

"ஏறக்குறைய" என்றார் ரகுராமன்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "சோதிச்சது நீங்கதானே?"

அப்பா ஓய்வுபெற்றுவிட்டார், வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். ஆனாலும் கதவருகே நின்ற அந்தப் பெண்ணின் முகம் விடவில்லை. "இல்லை மேடம். மாத்தினா படுத்துடும். ஆஸ்பத்திரியில படுத்துடுச்சு" என்றேன்.

திரும்பும்போது காரில் திருப்போரூர் தாண்டியதும் ரகுராமன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நாளைக்கு ஹெச்.ஆர்.ல கூப்பிடுவாங்க."

ஹெச்.ஆர். அறை

மேசை டிராயரைக் காலி செய்து, பையோடுதான் போனேன். ரகுராமனும் உட்கார்ந்திருந்தார். ஜெயந்தி மேடம் ஆர்டரை ரத்து செய்யவில்லையாம். முகவரி மாற்றும் வேலையை ஸ்விட்சிலிருந்து எடுத்து, இரு முனைகளிலும் இருக்கும் சர்வர்களிடம் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்களாம். சோதிப்பது மட்டும் நானாக இருக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெட்டியை அன்றே கழற்றிவிட்டார்கள்.

நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். ரகுராமன் என் கையிலிருந்த பையைப் பார்த்தார். "அதை இறக்கி வை. இத்தோட முடிஞ்சுதுன்னு நினைக்காதே, அடுத்தது பேங்க் ஏ.டி.எம். நெட்வொர்க், அதையும் நீதான் சோதிக்கணும்."

அதற்கப்புறம் எத்தனையோ பெட்டிகளைச் சோதித்துவிட்டேன், முதல் நாளே நன்றாக ஓடும் பெட்டியைக் கண்டால்தான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.