சுத்தியல் ஆட்டத்துக்கு ஒரு மொட்டை

சுத்தியல் ஆட்டத்தில் மணி அடிக்க வேண்டுமானால், திரையில் ஏறி இறங்கும் சிவப்புக் கோட்டைப் பார்க்கவே கூடாது. காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கோடு உச்சியைத் தொடும்போது ‘டுப்’ என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுவிட்டு அமுக்கினால் காரியம் கெட்டது. தும்மல் வருவதற்கு முன்னால் மூக்கு லேசாக உறுத்துமே, அந்த மாதிரி ஒரு கணம் உண்டு. அப்போது அமுக்க வேண்டும். வாத்து சுடும் ஆட்டத்தில் தங்க வாத்தைத் துரத்தக் கூடாது. அது நம்மை ஏமாற்றுவதற்கென்றே நீந்துகிறது. வளையம் வீசும் ஆட்டத்தில் பாட்டிலைக் குறிவைக்காமல், பின்னால் உட்கார்ந்திருக்கும் கரடி பொம்மையின் தொப்புளைக் குறிவைத்தால் வளையம் தானாகப் பாட்டில் கழுத்தில் போய் விழும்.

இந்த ஞானமெல்லாம் ஏழாம் வகுப்பு படிக்கும்போதே எனக்கு வந்துவிட்டது. கணக்குதான் கடைசிவரை வரவில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். திருத்தணி மலையடிவாரத்துக் கடைத்தெருவில், தேங்காய் கற்பூரக் கடைகளுக்கு நடுவே, என் மாமா கல்யாணப் பத்திரிகை டைப் செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குள் யாரோ சென்னையிலிருந்து கொண்டுவந்து போட்ட பொழுதுபோக்குப் பூங்கா விளையாட்டு. திரையில் நமக்கே நமக்கென்று ஒரு பூங்கா இருக்கும். சின்னச் சின்ன ஆட்டங்களில் ஜெயித்தால்தான் ஒவ்வொரு ராட்டினமாகத் திறந்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மேகத்துக்குள் புகுந்து தலைகீழாகத் திரும்பிவரும் ஒரு ரயில் இருந்தது. அதன் வாசலில் பெரிய பூட்டு. ஆடிக் கிருத்திகைக்கு வருகிற கிறீச்சிடும் ராட்டினத்தைத் தவிர வேறெதையும் கண்டிராத எனக்கு, அந்தப் பூட்டு திறப்பதைவிட உலகத்தில் முக்கியமான விஷயம் எதுவும் இல்லை.

பூட்டுக்கும் எனக்கும் நடுவே மாமா இருந்தார். கம்ப்யூட்டர் அவருடையது, அதனால் கடைசி ஆட்டமான சுத்தியலை அவர்தான் அடிப்பார் என்று அடம். அடித்தாரா? இல்லை. நான் பக்கத்தில் நின்று “இப்ப, மாமா, இப்ப!” என்று கத்துவேன். அவர் கண் திரையிலேயே இருக்காது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பத்திரிகைகளில் பிழை பார்த்துக்கொண்டிருக்கும் அக்கா மீது இருக்கும்.

அந்த அக்கா அம்மையார்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து டைப் அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். தறிக்காரர் வீட்டுப் பெண். விரல்கள் கீபோர்டில், தறியில் நாடா ஓடுகிற மாதிரி ஓடும். சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையால் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே மறுகையால் வாத்துகளை வரிசையாகச் சுட்டுத் தள்ளுவார். என் யோசனைகளை மதித்துக் கேட்ட ஒரே ஆள். மாமா சுத்தியலில் தோற்கும்போதெல்லாம், “இன்னாங்க, இட்லி மாவு ஆட்டிகினு கீறீங்களா?” என்பார். மாமா அதற்கும் சிரிப்பார். தோற்றுவிட்டு இப்படிச் சிரிக்கிற ஆளை நம்பி நான் ரயில் ஏறுவதெங்கே?

மாமாவின் தலைமுடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருகருவென்று, பிடரியில் புரண்டு, மேஜை ஃபேன் திரும்புகிற பக்கமெல்லாம் தானும் திரும்பும். எங்கள் ஊரிலோ எந்த நேரமும் சந்தனம் பூசிய மொட்டைகள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே மாமா பின்பாக்கெட்டில் சீப்போடு நடந்து போவது, வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பது போலிருக்கும். “அவன் மலைக்கே எதிர்க்கட்சி” என்பார் நைனா. நைனா என்றால் அப்பா. எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அந்த வெள்ளிக்கிழமை மாமாவுக்குப் பெண் பார்க்கப் போவதாக இருந்தது. பெண் கனகம்மாசத்திரம். ரோட்டோரம் சொந்தக் கடை, மாடி வீடு. எல்லாம் அம்மாவின் ஏற்பாடு. யாராவது அந்தப் பேச்சை எடுத்தாலே மாமா ஆங், ஆங் என்று தலையாட்டிவிட்டுச் சட்டை பட்டனைப் பார்ப்பார். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம், மாமா சுத்தியல் பிடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. மேஜைக்கடியில் யூபிஎஸ் பெட்டி ‘கீ, கீ’ என்று கத்தத் தொடங்கியது. பழைய பெட்டி, கத்த ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிவிடும். மாமாவுக்குக் கடைசி அடி பாக்கி. ஒரு ஊர் மூழ்கப் போகிற மாதிரி நான் துடித்தேன். உண்மையில் மூழ்கப் போனது கம்ப்யூட்டர் பூங்காதான்.

நான் மலை இருக்கும் திசை பார்த்துக் கண்ணை மூடினேன். முருகா, மாமா மட்டும் மணி அடிச்சுட்டாருன்னா, அவருக்கு மொட்டை போடறோம்.

ஏன் மாமாவுக்கு என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் யாரும் தன் தலையை வேண்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. சித்திக்குப் பிரசவம் நல்லபடி ஆனால் என் தலை. நைனாவுக்கு வேலை நிரந்தரமானால் என் தலை. எருமை தொலைந்து கிடைத்ததற்கும் என் தலைதான் போயிற்று. வேண்டுதல் என்றால் பக்கத்தில் இருப்பவர் தலையைச் சாமியிடம் எழுதிக்கொடுப்பது என்றுதான் நான் புரிந்துவைத்திருந்தேன்.

‘டங்!’

மணி அடித்தது. திரையெல்லாம் வாணவேடிக்கை. ரயில் வாசலில் பூட்டு ஆடிற்று, தெறித்தது, ரயில் புகைவிட்டது, நான் “ஐயோ!” என்று குதித்தேன். அதே நொடி பெட்டி கடைசியாக ஒரு ‘கீ’ சொல்லிவிட்டு அடங்கியது. திரை கறுத்தது.

கரண்ட் வந்து திறந்து பார்த்தால், பூட்டு பழையபடி தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் ஆட்டத்தைச் சேமித்து வைக்கவில்லை.

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. சேமிக்காத ஆட்டத்துக்கு வேண்டுதல் செல்லுமா, செல்லாதா? செல்லாது என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். ஆனால் மணி அடித்ததே, கேட்டதே என்று எதிர்த்தரப்பும் நானே பேசினேன். மலைமேல் இருப்பவர் சேமிப்பதையெல்லாம் பார்ப்பாரா? வெள்ளிக்கிழமை வேறு பக்கத்தில் வந்துவிட்டது. மொட்டை போட்டால் மாமா கல்யாணம் போச்சு. போடாவிட்டால் என் கண் போய்விடும் என்று உறுதியாக நம்பினேன். காலையில் வயிறு வலித்தபோது, ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். முந்தின நாள் தின்ற போண்டாக்கள் நினைவுக்கே வரவில்லை.

பள்ளிக்கூடம் போகிற வழியில் படியேறிவிட்டேன். மொட்டையடிக்கிற மண்டபத்தில் போய் உட்கார்ந்து தலையைக் குனிந்தேன். மாமா தலைக்குப் பதில் என் தலை, அனுபவமுள்ள தலை, சாமிக்கும் பழக்கமான தலை. நாவிதர் தண்ணீரைத் தொட்டவர் நிறுத்தினார்.

“யாரு கூட வந்தே?”

“நானேதாங்க. எங்க மாமாவுக்காக.”

“மாமா எங்க?”

“கடையில கீறாரு.”

“வேண்டுதல் அவுரு பேருல. தல மட்டும் உன்துதா? சாமி இன்னா கண்ணு தெரியாதவரா? போ, அவுர இட்டுகினு வா.”

நான் பிடித்த ஓட்டத்தில் புத்தகப் பை மேலேயே தங்கிவிட்டது. படியிறங்கி வீட்டுக்கு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் இறங்கி வந்து, எங்கள் வீட்டுக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. மலையில் பூக்கட்டும் பக்கத்து வீட்டுக்காரர் உபயம்.

அம்மா முதலில் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம்தான் விசாரணை.

“சாமிகிட்ட சொல்ட்டியா?”

“வாய்விட்டுச் சொல்லலம்மா. மனசுலதான்.”

“மனசுல சொன்னா சாமிக்குக் காது கேக்காதாடா?”

எதற்காக வேண்டிக்கொண்டேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கம்ப்யூட்டரில் சுத்தியல் என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். அம்மா உலக்கையை எடுத்திருப்பாள். நைனா மெதுவாக, “கல்யாணம் முடியட்டுமே, அப்பறம் போட்டுக்கலாம்” என்று பார்த்தார். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். சாமி கடனைத் தலையில் வைத்துக்கொண்டு பெண் பார்க்கப் போவதா? சரி, மொட்டையோடு போவதா? அதுவும் ஆகாது. முடி வளரட்டும், பிறகு வருகிறோம் என்று கனகம்மாசத்திரத்துக்குச் சொல்லியனுப்பலாம் என்றால், அவர்கள் கையில் வேறொரு மாப்பிள்ளை ரெடியாக இருந்தான். ஆனாலும் சொல்லித்தான் அனுப்பினார்கள். சாயங்காலமே பதில் வந்தது: உங்களுக்கு நல்லபடி வேறு இடம் அமையட்டும்.

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு சுத்தியலால் மாடி வீட்டையே இடித்தவனைப் பார்க்கிற பார்வை.

மாமா கடையடைத்துவிட்டு வந்தார். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தேன். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு மாமா பிடரி முடியை ஒரு தடவை தடவிக்கொண்டார். என் கன்னத்தை நான் தயாராக வைத்திருந்தேன்.

“சாமி காரியம்க்கா. இதுல நாம இன்னா பண்றது?” என்றார்.

அவ்வளவுதான். குரலில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. துக்கம் என்று நினைத்தேன். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். தோள் குலுங்கிற்று. இவ்வளவு பெரிய ஆம்பிளையை அழவைத்துவிட்டேனே என்று நானும் அழுதேன்.

மறுநாள் விடிந்ததும் யாரும் கூப்பிடாமல் அவரே மலையேறினார். எதிர்க்கட்சித் தலைவர் சந்தனம் பூசிய பளபள மண்டையோடு இறங்கி வந்தபோது, தேங்காய்க் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் பத்தடி பின்னால் நடந்தேன்.

கடையைத் திறந்து மாமா ஃபேனைப் போட்டார். திருப்புவதற்குத் தலையில் எதுவும் இல்லாமல் ஃபேன் சும்மா திரும்பிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இன்னாங்க இது?”

“கனகம்மாசத்திரம் இல்லன்னு ஆயிடுச்சு” என்றார் மாமா. தலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் காட்டி, “நம்ம ஆளு வேண்டிக்கினாரு. சாமி கேட்டுகிச்சு” என்றார்.

அக்கா கையிலிருந்த சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு ஒரு பழைய பத்திரிகை அட்டையை எடுத்து, மாமா தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை என்று விசிறத் தொடங்கினார். ஃபேன்தான் ஓடுகிறதே என்று நான் சொல்ல நினைத்தேன். குற்றவாளி பேசக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

அவராவது என்னை மன்னித்துவிட்டாரா என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. பக்கத்தில் போய்த் தாவணியை இழுத்தேன்.

“அக்கா, என்மேல கோவமாக்கா?”

விசிறுவதை நிறுத்தாமலே, மாமாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“இனிமே என்ன அக்கான்னு கூப்புடாதே.”

அவ்வளவு கோபம். நான் வாசற்படியில் வந்து உட்கார்ந்து, தெருவில் போகிற மொட்டைகளைப் பார்த்துக்கொண்டு, இவர்களையெல்லாம் எவன் கவிழ்த்தானோ என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.