எனக்கு மட்டும் சொல்லாமல் போன பாலண்ணை

லண்டன் தமிழர் மத்தியில் ஒரு செய்தி பிறந்தால் அது தவழ்ந்து வந்து ஏறுகிற முதல் மடி என்னுடையது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, தொழில் அப்படி. நான் கார் ஓட்டப் பழக்குகிறவன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிற மனிதர்கள் நடுக்கத்தை மறக்கக் கதைப்பார்கள். ஒரு சிவப்பு விளக்கில் தொடங்குகிற கல்யாணப் பேச்சு அடுத்த சிவப்பு விளக்கில் குழம்பிவிடும். அவற்றில் அச்சிலேற்றக்கூடியதை ஒரு இலவசப் பத்திரிகையில் மாதாமாதம் எழுதியும் வருகிறேன்.

அப்படிப்பட்ட எனக்குப் பாலண்ணை இறந்த செய்தி, லூயிஷாம் ரவுண்டபவுட்டில் எந்த லேனில் நுழைவதென்று தெரியாமல் நின்ற ஒரு மாணவியின் வாயிலிருந்து வந்தது. "மாஸ்டர், இண்டைக்கு வகுப்பு இருக்காது எண்டெல்லோ நினைச்சன். உங்கட சாகேக்காரர் மோசம் போயிட்டாராமே?" என்றாள். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். தாண்டிப் போய் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக ஒழுங்காக நிறுத்தினாள்.

லூயிஷாம் மார்க்கெட்டுக்குக் கிட்ட மது விற்கிற லைசென்ஸ் கடை வைத்திருந்த சிவபாலனை, அதாவது பாலண்ணையை, இந்த நினைவு மலரை வாசிக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டுப் பிறந்தநாள்களிலும் சாமத்தியவீடுகளிலும் உடைத்த விஸ்கிப் போத்தல்களில் பாதி அவர் கடைத் தட்டிலிருந்து வந்தவை. அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிற இந்த மலரில் நான் எழுதவேண்டும் என்று அவர் மனைவி வசந்தி அக்கா கேட்டார். கண்ணீரோடு எழுதியிருப்பேன் என்று யாரும் எதிர்பார்க்கவேண்டாம். எனக்கு அந்த மனிதர்மேல் கோபம். எழுதி முடிக்கும்போது தீருமா என்று தெரியவில்லை.

சாகே என்கிற ஜப்பானியச் சோற்று மதுவுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டானது ஒரு அவமானத்தில். மொத்தக் கடையில் யாரோ தலையில் கட்டிவிட்ட ஒரு போத்தலை அவர் அழகுக்காகக் கடைக் கண்ணாடியோரம் வெயிலில் வைத்திருந்தார். கோடை முழுவதும் அது அங்கேயே நின்றது. ஒருநாள் பால் வாங்க வந்த ஒரு ஜப்பானியப் பெண்மணி அதைக் கண்டு, செத்த பூனையைக் கண்டதுபோல நின்றுவிட்டாராம். இது வெளிச்சம் படக்கூடாதது, குளிரில் வைக்கவேண்டியது, புதிதாகக் குடிக்கவேண்டியது என்று மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டு, பாலை வாங்காமலே போய்விட்டார். வேறு கடைக்காரர் என்றால் போத்தலைத் தள்ளுபடியில் தள்ளியிருப்பார். பாலண்ணை அதைத் திறந்து மணந்து பார்த்தார். பழைய ஈரத்துணி மணம். நல்லது எப்படி மணக்கும் என்று அறியாமல் அவருக்கு நித்திரை வரவில்லை.

அந்தப் பெண்மணியே நகரத்துக்குள் ஒரு கடையின் மேல்மாடியில் சாகே சுவைக்கும் வகுப்பு நடத்துகிறவர் என்று பிறகு தெரியவந்தது. பாலண்ணை தான் சேர்ந்ததோடு நிற்காமல் என்னையும் இழுத்துப் போனார். நகரத்துக்குள் கார் கொண்டுபோனால் காசு கட்டவேண்டும் என்ற கொன்ஜெஷன் சார்ஜ் வந்த புதிது, அதனால் ரெயினில் போனோம். வெள்ளைக் கிண்ணங்கள் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் நீல வளையங்கள், மதுவின் தெளிவைப் பார்ப்பதற்காம். பக்கத்தில் துப்புவதற்கு ஒரு பாத்திரம். வாய்க்குள் போனதைத் துப்புகிற வழக்கம் எங்கள் கூட்டத்துக்குக் கிடையாது. நான் எல்லாவற்றையும் விழுங்கினேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஐஸும் கோலாவும் கிடைக்குமா என்று கேட்டேன். ஆசிரியை புன்னகைத்தார். பாலண்ணை தலையைக் குனிந்துகொண்டு தமிழில், "ஐசே, நாளைக்கு நான் கடையைப் பூட்டிப்போட்டு வேற நாட்டுக்குப் போகவேண்டி வரும்" என்றார். ஐசே என்பது அவர் என்னைக் கூப்பிடுகிற விதம்.

பெரிய பிழை அதற்குப் பிறகுதான். என் கிண்ணம் வெறுமையாகவே நானே போத்தலை எடுத்து ஊற்றிக்கொண்டேன். அந்த நாட்டில் யாரும் தன் கிண்ணத்தைத் தானே நிரப்புவதில்லையாம். பக்கத்தில் இருப்பவர் நிரப்பவேண்டும், நாம் அவருடையதை நிரப்பவேண்டும். யாழ்ப்பாணத்துக் கூட்டங்களில் போத்தலுக்குக் கிட்ட யார் இருப்பதென்பதே பெரிய அரசியல். எனக்கு இந்த ஏற்பாடு ஆபத்தாகத் தோன்றியது. பாலண்ணைக்கோ அது வேதவாக்காகிவிட்டது. "தன்ர கிண்ணத்தைத் தானே நிரப்பினா குடிகாரன். மற்றவன் நிரப்பிவிட்டா விருந்தாளி" என்று அன்றிலிருந்து கடைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சொன்னார்.

கடையின் பின்னறையில் ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் மேசை தொடங்கியது இப்படித்தான். மூன்று பேர். மூன்றாமவர் டொக்டர் ரகு, மதுரைக்காரர், பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை. வைன் வாங்க வந்தவரைப் பாலண்ணை மடக்கிப் பிடித்துவிட்டார். பாலண்ணை எனக்கு ஊற்றுவார், நான் டொக்டருக்கு ஊற்றுவேன், டொக்டர் பாலண்ணைக்கு. ஆனால் இது பிற்கால ஒழுங்கு. தொடக்கத்தில் பாலண்ணைக்கு ஊற்றுகிற உரிமை என்னுடையதாக இருந்தது. இதைக் கவனித்து வையுங்கள்.

என்ன அருமையான பின்னேரங்கள் அவை. நாங்கள் நெல்லின் தவிட்டைத் தீட்டுகிறோம், ஜப்பான்காரர் அரிசியையே தீட்டுகிறார்கள் என்பார் பாலண்ணை. உயர்ந்த வகைகளில் மணியின் பாதிக்கு மேல் மாவாகப் போய், நடுவில் மிஞ்சுகிற வெள்ளை முத்தில்தான் மது வடிக்கிறார்கள். அவித்த அரிசியில் கோஜி என்ற பூஞ்சணத்தை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். இதைக் கேட்ட வசந்தி அக்கா, அதைத்தான் நான் கழுவிக் கழுவிக் குப்பையில் போடுகிறேன் என்றார். முதலில் மூக்கு, பிறகு நாக்கு, அதற்குப் பிறகு வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பது மேசைச் சட்டம். "சொல்லாத ருசி, விழுங்கின மருந்து மாதிரி" என்பார். ஆசிரியை மெலன் என்றதை நாங்கள் வெள்ளரிப்பழம் என்றோம். ஒரு போத்தலில் கதலி வாழைப்பழத்தைக் கண்டுபிடித்தபோது மூவரும் எழுந்து நின்றுவிட்டோம். மட்டன் ரோல் சாகேயைக் கொன்றுவிடும் என்பதையும், பொரித்த கணவாய் அதற்கு உயிர் கொடுக்கும் என்பதையும் நாங்களே பரிசோதித்து அறிந்தோம். என் வயிற்றைப் பார்த்தால் ஆராய்ச்சியின் ஆழம் விளங்கும்.

பிறகு ஒரு ஞாயிறு பாலண்ணை இடத்தை மாற்றினார். என்னைத் தனக்கு நேரெதிரில் இருக்கச் சொல்லி, டொக்டரைத் தன் கைப்பக்கம் எடுத்துக்கொண்டார். ஊற்றுகிற சுற்றும் திரும்பிவிட்டது. ஏன் என்று கேட்டேன். "உம்மட முகத்தைப் பார்த்துக் குடிச்சா ருசி கூட" என்றார். நான் பூரித்துப்போனேன். வீட்டில் போய் மனைவியிடம் சொன்னேன். உங்கட முகத்தைப் பார்த்தா பசியே போயிடுது, அவருக்கு என்ன வருத்தமோ நோயோ என்றாள். மனைவிமார் சொல்வதை நாங்கள் கவனிப்பதில்லை.

அதே காலத்தில் அவர் கொள்கையும் மாறியது. நல்ல சாகேயைச் சூடாக்குவது பட்டுச் சேலையை அவிப்பது போல என்று போதித்தவர், இனித் தனக்குச் சூடாகத்தான் வேண்டும் என்றார். எங்களுக்குக் குளிர்ந்த போத்தல், அவருக்கென்று தனியாக ஒரு சின்ன மண்சாடி. டொக்டர் அதிலிருந்து பயபக்தியோடு ஊற்றுவார். சூடாக்கவென்றே வடிக்கிற வகைகளும் உண்டு, அது எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த மதமாற்றத்தை நான் சும்மா விடவில்லை. பத்திரிகையில் ஒரு முழுப் பத்தி எழுதினேன். அவர் மெலிந்தபோது, உடம்பைக் குறைக்க டயற் பிடிக்கிறார் என்று இன்னொன்று. இரண்டையும் வாசித்துச் சிரித்தார். சாடியில் எனக்கும் கொஞ்சம் தாருங்கள் என்று கேட்டபோது மட்டும், "குளிர் நாக்குக்கு இது சரிவராது ஐசே" என்று மூடிவிட்டார்.

செத்தவீட்டில் சனம் என்ன கதைத்ததென்று உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் கதைத்தது நீங்கள்தான். ஈரல் என்ற சொல் கைக்குக் கை மாறியது. லைசென்ஸ் கடைக்காரன், அதோடு சாகே வேறு, வேறென்ன நடக்கும் என்றார் ஒருவர். அவர் பெயரைச் சொல்லவில்லை, அவருடைய மகன் என்னிடம்தான் ஓட்டப் பழகுகிறான். வசந்தி அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து அடுத்த நாள் என்னை வீட்டுக்கு வரச்சொன்னார். போனால் டொக்டர் ரகுவும் இருந்தார், தேத்தண்ணியைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டு.

"தம்பி, இவர் குடிச்சுச் செத்தவர் எண்டு சனம் கதைக்குது" என்றார் வசந்தி அக்கா. நான் மழுப்பினேன். அவர் டொக்டர் பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்லுங்கோ. இனி அவர் வந்து தடுக்கப்போறேல்ல" என்றார்.

"ரெண்டு வருஷமா அண்ணன் ஒரு சொட்டு தொடல சார்" என்றார் ரகு. "அந்தச் சாடியில இருந்தது வெறும் வெந்நீர். நான்தான் ஊத்தினேன்."

ஒருநாள் மேசையில் பாலண்ணையின் கண்ணில் மஞ்சள் தெரிந்ததைக் கண்டவர் ரகுதான். பரிசோதித்துப் பார்த்ததில், எப்போதோ இரத்தத்தில் வந்து குடியேறிய ஒரு கிருமி ஈரலைத் தின்றுகொண்டிருந்தது. குடியால் வந்ததல்ல. ஆனால் இனி வாயில் மது படக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மேசையை மட்டும் விடமாட்டேன் என்றாராம் பாலண்ணை. தன் கிண்ணத்தைத் தானே நிரப்பக்கூடாது என்று சட்டம் வைத்தவர் தன் சட்டத்திலேயே மாட்டிக்கொண்டார். தண்ணீர் ஊற்றவும் கூட்டாளி ஒருவர் வேண்டியிருந்தது. என் கையிலிருந்த உரிமை டொக்டர் கைக்குப் போனது அப்படித்தான்.

கவலை வந்திருக்கவேண்டும். எனக்கு வந்தது வேறு. எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்ககிட்ட சொன்னா..." என்று தொடங்கிய ரகு நிறுத்திவிட்டார். வசந்தி அக்கா நிறுத்துகிற ஆளில்லை. "உங்களுக்குச் சொன்னா அடுத்த வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் கோயில்ல எனக்கு அனுதாபம் சொல்லுவினம் எண்டு சொன்னவர் இவர்."

அன்பர்களே, நான் சொல்லாமல் வைத்திருக்கிற கதைகளும் இருக்கின்றன. ஆனால் சொல்லாததற்குச் சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது? அத்தனை ஞாயிறுகள் ஒரே மேசையில் இருந்தோம். அவர் என்னிடம் கோஜியின் இரகசியம் சொன்னார், தன் மாமியாரின் இரகசியம்கூடச் சொன்னார். தன் உயிரின் விஷயத்தை மட்டும் மதுரைக்காரரோடு பேசி முடித்துவிட்டு, எதிரில் இருந்த என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

விடவில்லை நான். அப்படியென்றால் அவர் ருசி சொன்னதெல்லாம் பொய்யா என்று கேட்டேன். வெந்நீரைக் குடித்துக்கொண்டா இதில் பச்சை அப்பிள், இதில் கடைசியில் ஒரு சின்னக் கசப்பு, பிறகு சுத்தம் என்றெல்லாம் சொன்னார்? நான் நினைத்ததையே அவர் சொல்கிறாரே என்று எத்தனை தடவை வியந்திருக்கிறேன்.

"பொய் இல்ல சார்" என்றார் ரகு. "பாட்டிலை மோந்து பாப்பார். அப்புறம் நீங்க முழுங்குற வரைக்கும் உங்க முகத்தையே பாத்துட்டு இருப்பார். அதுக்கப்புறம்தான் வாயத் திறப்பார். நீங்க போனதும், 'இண்டைக்கு மாஸ்டரின்ர முகம் நல்ல இனிப்பு'ன்னு அவரை மாதிரியே சொல்லிச் சிரிப்பார்."

என்னைக் கேளாமல் என் முகத்தைக் குடித்திருக்கிறார். வேறொருவர் இப்படி எழுதித் தந்தால், உருக்கமாக இருக்கிறது என்று நானே பாராட்டியிருப்பேன். எனக்கு நடந்தபோது உருக்கம் வரவில்லை. நான் ஒரு கிண்ணமாக இருந்திருக்கிறேன், அது கிண்ணத்துக்கு மட்டும் தெரியாது.

எழும்பினேன். வசந்தி அக்கா வாசல்வரை வந்தார். "மலரில எல்லாத்தையும் எழுதுங்கோ தம்பி. லண்டன் முழுக்கக் கொண்டுபோற வாய் ஒண்டு எங்களிட்ட இருக்கேக்க, நான் ஏன் வீடு வீடா போன் அடிக்கவேணும்?" என்றார். எந்த வாய்க்குப் பயந்து புருஷன் மறைத்தாரோ அதே வாயை மனைவி வேலைக்கு எடுக்கிறார். இதைவிட நாகரிகமாக என்னை யாரும் அடித்ததில்லை.

ஆகவே எழுதிவிட்டேன். சிவபாலன் குடித்துச் சாகவில்லை. கடைசி இரண்டு வருடம் வெந்நீர்தான் குடித்தார். அப்டன் பார்க்கில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கும்போது பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லுங்கள். செத்தவீட்டில் ஈரலைப் பற்றிக் கதைத்தவர்கள் இரண்டு பேருக்காவது சொல்லவேண்டும், அது உங்கள் பங்கு.

என் பங்குக்கு அவர் விட்டுப்போனது என்னவென்று யோசித்துப் பார்த்தேன். டொக்டருக்கு அவர் ஒரு நோயாளி. வசந்தி அக்காவுக்கு நேரத்துக்கு நேரம் மருந்து கொடுக்கவேண்டிய மனிதர். அந்த இரண்டு வருடமும் அவரோடு சூடா குளிரா என்று சண்டை பிடித்து, அவர் வயிறு வற்றியதைக் கிண்டலடித்து, அடுத்த வருடம் ஜப்பானுக்குப் போவோம் என்று நச்சரித்தவன் நான் ஒருவன்தான். போவோம் ஐசே, போவோம் என்பார். சுகமாக இருக்கிற பாலண்ணை ஒருவரை எனக்கென்று தனியாகச் செய்து, கடைசிவரை கெடாமல் வைத்திருந்து தந்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு வேண்டியிருந்தது மற்றவர், நோயோடிருந்த வருத்தக்காரர். அவருக்கு ஒரு தடவையாவது நான் வெந்நீர் ஊற்றியிருப்பேன். இவர் வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கொடுக்கலாமென்றால் வாங்குவதற்கு ஆளில்லை. வைத்திருக்கிறேன்.