அக்காவின் தாடைப் படம்

அக்காவுக்கு முதலில் வந்தது சாதாரணப் பல்வலி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கீழ்த்தாடையில், வலது பக்கம். கிராம்பை நசுக்கிப் பஞ்சில் சுருட்டி அந்தப் பல்லில் அடக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடுவாள். வலி பொறுக்க முடியாமல் போன பிறகு, பாசாருக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் பல்செட்டுகளை அடுக்கி வைத்திருந்த ஒரு சீனரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். பல் போயிற்று. வீக்கம் போகவில்லை.

நாங்கள் அப்போது காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அக்கா தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. அத்தான் பஸ் கம்பெனியில் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து, ஜப்பான்காரன் சண்டைக்கு முன்பே கப்பலேறி வந்தவர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. எங்கள் அப்பாவும் அம்மாவும் ஜாசின் பக்கம் ஒரு கித்தா தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதினேழு வயது. டவுனில் தையல் பழகுவதற்காக அக்கா வீட்டில் தங்கியிருந்தேன்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிற வருஷம் அது. எங்கே பார்த்தாலும் மெர்டேக்கா பேச்சு. யாருக்குக் குடியுரிமை கிடைக்கும், யார் ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கும் என்று அத்தானின் கூட்டாளிகள் வாசலில் நின்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். அக்காவுக்கு அதிலெல்லாம் குழப்பமே இல்லை. "நான் பொறந்தது இங்க. என் பிள்ளைங்க இங்க," என்பாள். பிள்ளைகள் என்றால் அவள் வகுப்புப் பிள்ளைகள்.

வீக்கம் நெல்லிக்காய் அளவுக்கு வந்ததும் அத்தான் அவளை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். அங்கே பல் டாக்டராக யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். ஈறை அழுத்திப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். வாய்க்குள் வைத்து எடுத்த சின்னப் படங்கள் சில, தாடை முழுவதையும் வெளியிலிருந்து எடுத்த பெரிய படம் ஒன்று. இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

திரும்பப் போனபோது பெரிய படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். பல் வரிசைக்குக் கீழே எலும்பு வெள்ளையாக ஓடிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் கறையான் தின்ற பலகை மாதிரி அரிபட்டுக் கிடந்தது. எனக்கே தெரிந்தது.

"தங்கச்சி, இது பல்லில வந்த வருத்தம் இல்லை," என்றார் டாக்டர். "எலும்புக்குள்ள கிடக்கு. சிங்கப்பூருக்குப் போய் வெட்டி எடுக்க வேணும். சுணங்கக் கூடாது."

"எவ்வளவு வெட்டுவாங்க, டாக்டர்?" என்றார் அத்தான்.

டாக்டர் தன் தாடையின் நடுவிலிருந்து காது வரைக்கும் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

அக்கா கேட்டாள்: "அதுக்கப்புறம் பேச வருமா?"

"வரும். ஆனா முந்தி மாதிரி வராது. பொய் சொல்ல மாட்டன்."

அக்கா வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும்தான் அழுதாள். "தாடைய எடுத்துட்டா நான் எப்படிங்க பாடம் எடுப்பேன்? 'ழ'ன்னு ஒரு எழுத்த எப்படிச் சொல்லிக் குடுப்பேன்?" அத்தான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அவளே ஒரு வழி சொன்னாள். அத்தானுடைய சித்தப்பா ஒருவர் சென்னையில், வாய் நோய்களுக்குப் பேர்போன ஒரு டாக்டரிடம் உதவியாளாக இருந்தார். அவருக்குப் படத்தை அனுப்பி, அந்த டாக்டரும் வெட்டத்தான் வேண்டும் என்று சொன்னால் வெட்டிக்கொள்கிறேன் என்றாள். "ரெண்டாவது ஆளு ஒருத்தர் பார்த்துச் சொல்லட்டும். அவ்வளவுதான் கேக்குறேன்." அதில் என்ன தவறு இருக்கிறது? இன்றைக்கும் எந்த நோயாளியும் கேட்பதுதான். அத்தான் சரி என்றார். யாழ்ப்பாணத்து டாக்டர் முகம் சுளித்தாலும் மறுக்கவில்லை. "இருக்கிறது இது ஒண்டுதான். பிரதி எடுக்க இஞ்ச வசதி இல்லை. கவனமாக் குடுத்து விடுங்கோ," என்று படங்களை ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்தார்.

தபாலில் போட்டால் மடிந்துவிடும், தொலைந்துவிடும் என்று பயம். ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் அந்த வாரம்தான் கப்பலில் நாகப்பட்டினம் போவதாக இருந்தார். அக்கா வருஷா வருஷம் பள்ளிக்கூடச் சீருடைத் துணி எடுப்பது அவரிடம்தான். அத்தான் போய்க் கேட்டதும், "குடுங்க தம்பி. டீச்சரம்மாவுக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படி? மெட்ராசுக்கே போய்க் கையில குடுத்துட்டு வர்றேன்," என்றாராம். சொன்னபடியே செய்தார். படம் மடியாமல் இருக்க இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, எண்ணெய்க் காகிதம் சுற்றி, தன் பெட்டிக்குள் வேட்டிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோனார். நாகப்பட்டினத்தில் இறங்கி வீட்டில் தங்கக்கூட இல்லாமல் சென்னைக்கு ரயில் ஏறினார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அதற்குப் பிறகு காத்திருந்தோம்.

அந்த நாட்களைப் பற்றி என்ன சொல்வது? அக்கா பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். வீக்கம் வளர்ந்தது. முதலில் சேலைத் தலைப்பால் தாடையை மறைத்துக்கொண்டாள். பிறகு கைக்குட்டை. சோற்றை மென்று தின்ன முடியாமல் போனதும் கரைத்துக் குடித்தாள். பக்கத்து வீட்டில், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய செட்டிக் குடும்பத்து அம்மா ஒருவர் இருந்தார். நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். தமிழில் சாமி பெயர்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சி காய்ச்சி, மங்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்து அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். "மாக்கான் லா, சிக்கிட் பூன் ஜாடி," கொஞ்சமாவது சாப்பிடு என்று கெஞ்சுவார். அக்கா குடித்து முடிக்கும் வரை எழுந்து போகமாட்டார்.

அத்தான் தினமும் வேலை விட்டு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "தபால் வந்துச்சா?" என்பதுதான். நான் இல்லை என்று தலையாட்டுவேன்.

ஒருநாள் வந்தது. சித்தப்பா எழுதியிருந்தார். பாய் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ஆனால் கப்பலின் புழுக்கத்திலும் கடல் ஈரத்திலும் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பிரித்தபோது மேல் பூச்சு உரிந்து வந்துவிட்டது. டாக்டர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே எலும்பு, எங்கே கறை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றார். புதிதாக எடுத்து அனுப்பச் சொன்னார்.

அத்தான் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். அக்கா, "பாய் பாவம், அவர்கிட்ட இதச் சொல்லாதீங்க," என்றாள். அதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை.

மறுபடியும் ஆஸ்பத்திரி. மறுபடியும் படம். இந்தத் தடவை டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டவில்லை. அத்தானை மட்டும் வெளியே அழைத்துக்கொண்டு போனார். கதவு முழுவதும் சாத்தவில்லை. "மெட்ராசை விடுங்கோ. நாளைக்கே சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவள் சுவரில் தொங்கிய பல் விளக்கும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதும் அவள் அசையவில்லை. மெர்டேக்கா நாளுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. பாடாங் திடலில் பல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சேர்ந்து பாடுவதாக ஏற்பாடு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைத் தயார் செய்கிற பொறுப்பு அக்காவுடையது. "அது முடியட்டும். அதுக்குள்ள மெட்ராஸ்லேருந்தும் பதில் வந்துரும்," என்றாள். புதுப் படத்தை அத்தான் விமானத் தபாலில் அனுப்பினார். பயந்துகொண்டேதான் அனுப்பினார்.

மெர்டேக்கா அன்றைக்குக் காலையில் அக்கா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டாள். நானும் அத்தானும் கூட்டத்தில் நின்றோம். பிள்ளைகள் வரிசையாக வந்து பாடினார்கள். அக்கா அவர்களுக்குப் பின்னால், ஒரு மரத்தை ஒட்டி, கைக்குட்டையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் பாடிய ஒவ்வொரு அடிக்கும் அவள் தலை லேசாக அசைந்தது. கூட்டம் கைதட்டியபோது அத்தான் கைதட்டவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும், "நல்லாப் பாடுனாங்க இல்ல?" என்று கேட்டாள். அந்தச் சொற்களே குழறித்தான் வந்தன. "ரொம்ப நல்லாப் பாடுனாங்கக்கா," என்றேன்.

சென்னையிலிருந்து பதில் அடுத்த வாரம் வந்தது. வெட்டத்தான் வேண்டும், உடனே வெட்டுங்கள் என்று அந்த டாக்டரும் சொல்லியிருந்தார். முதல் படம் தெளிவாக இருந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன், இரண்டையும் பக்கத்தில் வைத்து எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்றும் பார்த்திருக்கலாம் என்று சொன்னாராம். அக்கா அதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். அன்றைக்கே துணிகளை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். கொடுத்த வாக்கை மாற்றுகிறவள் அல்ல அவள்.

சிங்கப்பூருக்கு மூவரும் போனோம். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் அவளை நாலைந்து டாக்டர்கள் சேர்ந்து பார்த்தார்கள். கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். நெஞ்சையும் படம் எடுத்தார்கள். கடைசியில் ஒரு வயதான டாக்டர் வந்து, வெட்டிப் பயனில்லை, கழுத்துக்கும் நெஞ்சுக்கும் இறங்கிவிட்டது என்றார். தமிழ் தெரிந்த ஒரு தாதி அதை எங்களுக்குச் சொல்லும்போதே கண்கலங்கிவிட்டாள். அக்காதான் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம், பகல் நேரத்தில், காஜா பேராங் வீட்டில் அக்கா இறந்துபோனாள். அப்பாவும் அம்மாவும் தோட்டத்திலிருந்து வந்திருந்தார்கள். செட்டி வீட்டு அம்மா அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வகுப்புப் பிள்ளைகள் வந்து வாசலில் நின்றார்கள். எப்படி அழுவது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அத்தான் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊருக்கும் திரும்பவில்லை. அதே வீட்டில் இருந்து, அதே பஸ் கம்பெனியில் ஓய்வு பெற்றார். எனக்குக் கல்யாணமாகிப் புக்கிட் பாருவுக்குப் போன பிறகும் மாதம் ஒரு தடவையாவது போய்ப் பார்ப்பேன். எதையாவது பேசிக்கொண்டிருப்பார், நடுவில் நிறுத்திவிடுவார். "அன்னைக்கே நான் தூக்கிட்டுப் போயிருக்கணும், பாப்பா."

"அக்கா வந்திருக்காது அத்தான்."

"வந்திருக்காதுதான்," என்பார். அடுத்த மாதமும் அதையே சொல்வார். அவரும் போய் ரொம்ப வருஷமாகிவிட்டது.

என் மகள் இப்போது வெளிநாட்டில், பெர்த்தில் இருக்கிறாள். சென்ற வருஷம் அவளுக்குத் தாடையில் வலி. அங்கே எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பில் ஒரு நிழல் தெரிகிறது, ஒரு துண்டு வெட்டியெடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும் என்று சொன்னார்கள். அவள் போனில் அதைச் சொன்னாள். பழைய படம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார்களாம்.

அவள் இங்கே இருந்த காலத்தில் பல் பார்த்துக்கொண்ட டாக்டரம்மாவின் கிளினிக் எங்கள் தெருமுனையில்தான். விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். அந்தப் பெண் கணினியைத் திறந்து மகளின் பழைய படங்களைத் தேடி எடுத்தாள். "இருக்கு ஆண்ட்டி, எல்லாம் இருக்கு," என்றாள். மகளிடம் போனில் சம்மதம் கேட்டுக்கொண்டு, என் கண்ணெதிரே அதைப் பெர்த்துக்கு அனுப்பினாள்.

"போயிருச்சா?" என்றேன்.

"போயிருச்சு ஆண்ட்டி."

"அப்ப உங்ககிட்ட இருந்தது?"

"இதோ இங்கயும் இருக்கே." சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பிக் காட்டினாள். பெரிதாக்கினாள், வெளிச்சத்தைக் கூட்டினாள், குறைத்தாள். எத்தனை பேருக்கு அனுப்பினாலும் கெடாது என்றாள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு வசதி என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

மறுநாள் மகள் கூப்பிட்டாள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களாம். அந்த நிழல் பல வருஷமாக அதே இடத்தில், அதே அளவில்தான் இருக்கிறதாம். எப்போதோ பல் பிடுங்கியதன் தழும்பு. வெட்ட வேண்டாம், வலி தூக்கத்தில் பல்லைக் கடிப்பதால் வருவது என்று சொல்லிவிட்டார்கள். கலகலவென்று பேசினாள். நான் அழத் தொடங்கினேன்.

"அம்மா, எனக்கு ஒண்ணும் இல்லன்னுதானே சொல்றேன்? ஏன் அழுறீங்க?"

அவளுக்குப் பெரியம்மா ஒருத்தி இருந்தாள் என்று தெரியும். நோயில் போனாள் என்று தெரியும். அதற்கு மேல் நான் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் முழுவதையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "பெரியம்மாவுக்கு அப்ப என்ன வயசும்மா?" என்றாள்.

"இருபத்தொம்பது."

என் மகளுக்கு இப்போது நாற்பத்தாறு.