பஞ்சாங்கத்தில் ஒரு பொய்

பஞ்சாங்கம் பார்க்காமல் நான் மிளகாய்த்தூள்கூட இடித்ததில்லை. யாழ்ப்பாணத்து உடுவிலில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த என் கணவருக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் என் தலையில் மிளகாய் அரைத்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு மாசி மாதம். அவருக்கு இருமல் விடவேயில்லை. கசமாக, அதுதான் காசநோயாக, இருக்குமோ என்று டொக்டர் சளியைக் கொழும்புக்குச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். எங்களுக்கு நான்கு வயதில் ஒருத்தி, கையில் ஒன்று. அவருடைய சம்பளத்தை விட்டால் வேறு வழியில்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய ஒன்றுவிட்ட தம்பி, இன்சூரன்ஸ் ஏஜெண்ட், சைக்கிளில் வந்து இறங்கினார்.

"அண்ணை, சோதனை முடிவு வரமுன்னம் இந்த இன்சூரன்ஸ் படிவத்திலை கையெழுத்தை வையுங்கோ. கசமெண்டு வந்தால் ஒரு கொம்பனியும் எடுக்காது. இப்ப ஏதும் வருத்தத்துக்குச் சோதிக்கினமோ எண்டு ஒரு கேள்வி கிடக்கு. இல்லையெண்டு போட்டால் சரி."

பொய் என்று எனக்குத் தெரியாமலில்லை. பிள்ளைகளின் வயிறு முன்னால் நிற்கும்போது பொய்யாவது மெய்யாவது.

அவர் பேனையை எடுத்தார், வைத்தார். எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"இண்டைக்கு மரணயோகமெல்லே."

உயிர்க் காப்புறுதிக்கு மரணயோகத்தில் கையெழுத்தா! நானே தம்பியாருக்குத் தேத்தண்ணி கொடுத்து, பிறகு வரச்சொல்லி அனுப்பிவைத்தேன்.

மறுநாள், சின்னவனுக்கு முதல்வாய்ச் சோறு தீத்த நாள் பார்க்கப் பஞ்சாங்கத்தை விரித்தேன். முந்தின நாள் வரியும் கண்ணில் பட்டது. அமிர்தயோகம்.

"என்னப்பா இது?"

"கொம்பனிக்குப் பொய் எழுத மனம் வரேல்லை. உம்மோடை வாதாடவும் என்னாலை ஏலாது. முடிவு வரட்டும், உள்ளதை எழுதுவம்."

"அப்ப எனக்குச் சொன்னது பொய்யில்லையோ?"

அவர் பஞ்சாங்கத்தை வாங்கிச் சுவரில் மாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னையும் பிள்ளைகளையும் விட இவருக்குக் கொம்பனி பெரிதாகிவிட்டதா?

ஒன்பது நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். சாப்பிட்ட கோப்பையை அவரே கழுவி, எங்களுக்குத் தொற்றக்கூடாதென்று தனியாகக் கவிழ்த்து வைப்பார். அவர் இருமும்போதெல்லாம் எழுந்து அடுப்படி வாசல்வரை வருவேன். ஆனாலும் வெளியே வரமாட்டேன். மகளைத் தூரத்தில் நிற்கவைத்துச் சொல்லுவார்: "அம்மாட்டைச் சொல்லு பிள்ளை, கத்தரிக்காய்க் குழம்பு நல்லாயிருக்கெண்டு."

பத்தாம் நாள் டொக்டரின் கடுதாசி வந்தது. கசமில்லை. நான் விறாந்தையிலேயே இருந்து அழுதேன். அன்று பின்னேரமே தம்பியாரைக் கூப்பிட்டு, சோதித்ததையும் ஒன்றுமில்லை என்று வந்ததையும் எழுதி அவர் கையெழுத்து வைத்தார். நாள் பார்த்தாயிற்றோ என்று தம்பியார் கேட்டார். பேசாமல் இருக்கும்படி தம்பியாரை அதட்டினேன்.

என் கணவர் கண்மூடிக் கனகாலம். கடைசியில் அந்தக் கொம்பனிக் காசுதான் என்னைத் தாங்கியது, அதை மறைப்பானேன். ஆனால் அவரோடு இருக்கக் கிடைத்த காலத்தில் ஒன்பது நாளை நானே தள்ளிவிட்டேனே என்று இப்போதும் மனம் கிடந்து அடிக்கிறது. கத்தரிக்காய்க் குழம்பு வைக்கிற நாளில் இன்னும் மோசம். மகள் வந்து சொன்ன அந்தச் சொல்லுக்கு நான் மறுமொழி அனுப்பவேயில்லை.