திருப்பிக் கொடுத்த கொம்பியூட்டர்

செபஸ்ரியன் எனக்குத் தம்பி முறை. அவனுடைய அப்பாவும் என்னுடைய அப்பாவும் கூடப்பிறந்தவர்கள், என் அப்பா மூத்தவர். அதனால் அவன் இவன் என்றுதான் எழுதுவேன், வாசிக்கிறவர்கள் குறை நினைக்க வேண்டாம்.

மன்னாரில் அவன் கூட்டுறவுச் சங்கத்து மனேச்சர். ஒக்லாந்துக்கு வந்த பிறகு கோழி இறைச்சித் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினான். றப்பர் சப்பாத்தும் தலைமயிருக்கு வலையும் போட்டு நின்ற நாட்களில் ஒரு வார்த்தை முறைப்பட்டவனில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் சங்கத்து மனேச்சராகத்தான் வருவான். மடிப்புக் கலையாத சேர்ட், பையில் பேனை. எழுதுகிற இங்கிலிஷ் அவனுக்கு நன்றாக வரும், இந்த ஊர்க்காரர் கதைக்கிற இங்கிலிஷ் காதில் ஏறாது. கடை, கந்தோர் என்று எங்கே போனாலும் மகள் மெற்றில்டாதான் பக்கத்தில் நின்று கதைப்பாள்.

தொண்ணூற்றாறாம் வருசம் மெற்றில்டாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மலேசியாக்காரர். தாய் திலகா, மகன் கிளமென்ட். பெடியன் ஆல்பனியில் ஒரு கந்தோரில் கொம்பியூட்டர் வேலை. நல்ல பிள்ளை, பூசை முடிந்தால் கதிரைகளை அடுக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். பூசைக்குப் பிறகு தேத்தண்ணி குடிக்கிற மண்டபத்தில் திலகா செபஸ்ரியனோடு கதை கொடுத்தா. பிள்ளை என்ன படிக்கிறாள், எங்கே படிக்கிறாள் என்று விசாரித்துவிட்டுக் கடைசியாகக் கேட்டா:

"வீட்ல கம்ப்யூட்டர் வெச்சிருக்கீங்களாண்ணே?"

"ஓம்," என்றான் செபஸ்ரியன்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவனுடைய வீட்டில் ஒரு பழைய ரிவியைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். மெற்றில்டா இருட்டும் வரைக்கும் பொலிரெக்னிக்கில் இருந்து அங்கே இருக்கிற கொம்பியூட்டரில் படித்துவிட்டு, கடைசி பஸ்ஸில் வருகிறவள். திலகாவுக்கு அது ஒரு கதைக்குக் கேட்ட கேள்வி. சந்தோசமாகத் தலையாட்டி, அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனா.

அடுத்த இரண்டு மூன்று நாளும் அவன் சாப்பாட்டில் கையை வைத்துவிட்டு எழும்பினான். பிறகு தொழிற்சாலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஒரு பெரிய கடையில் சாமான் வாங்கி மனம் மாறினால் ஒரு கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கலாம், முழுக்காசும் வரும், ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள் என்று. எங்கள் ஊரில் அரிசியைத் திருப்பிக் கொண்டுபோனாலே கடைக்காரன் முகத்தைத் திருப்புவான். இங்கே இப்படியும் ஒரு வழக்கம் இருக்கிறதென்று அவனுக்குப் பெரிய வெளிச்சம் கிடைத்த மாதிரி. கொழும்பில் லொட்ஜில் கிடந்த தன் தம்பியை இங்கே கூப்பிடுவதற்கென்று வைத்திருந்த காசை எடுத்தான். ஞாயிறுக்கென்று வாங்குவது, திங்கள் திருப்பிக் கொடுப்பது. அவனுடைய மனுசி அற்புதம் அழுது பார்த்தாள். மெற்றில்டா முன்னறை மேசையில் கிடந்த தன் புத்தகங்களை எடுத்து இடம் விட்டாள்.

சனிக்கிழமை பெட்டிகள் வந்தன. கிழியாமல், பிளேட்டால் ஒட்டுநாடாவை மெல்ல அறுத்துத் திறந்தான். உறைகளை மடித்து, வெள்ளைத் தெர்மோகோலை உடையாமல் எடுத்து, எல்லாவற்றையும் கட்டிலுக்குக் கீழே தள்ளினான். முன்னறை மேசையில் அதை வைத்து, அற்புதம் பின்னிய லேஸ் துணியால் மூடினான். ஒருவரும் தொடக்கூடாது, விரல் அடையாளம் படும் என்று கட்டளை. வயர்களைப் பின்னால் சுவரோடு தொங்கவிட்டான். எதையும் எதிலும் கொழுவவில்லை.

ஞாயிறு அவர்கள் வந்தார்கள். நான் றோல்ஸ் தட்டோடு முன்னறைக்கு வரும்போது கிளமென்ட் துணியை எடுத்துவிட்டு கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தான். எங்கே போனாலும் அதற்கு முன்னால்தான் அவன் இருப்பானாம், திலகா சொல்லிச் சிரித்தா. அவன் பின்னால் எட்டிப் பார்த்தான். வயர்கள் கிடந்த கிடையைப் பார்த்துவிட்டு, குனிந்து ஒவ்வொன்றாகக் கொழுவினான். செபஸ்ரியன் கதிரை நுனியில் இருந்தான். திரையில் வெளிச்சம் வந்தது, கொஞ்ச நேரத்தில் ஏதோ எழுத்தும் வந்தது. எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. பிறகு மெற்றில்டா சொல்லித்தான் தெரியும்: புதுக் கொம்பியூட்டரை முதன்முதலாகத் திறக்கும்போது, சொந்தக்காரரின் பெயர் என்ன என்று அது கேட்குமாம்.

"என்னப்பா கேக்குது?" என்றா திலகா.

கிளமென்ட் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்ணுமில்லம்மா. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டிருக்காங்க. அப்படிப் போட்டா கேக்கும்." சொல்லிவிட்டு மெற்றில்டாவின் பெயரை அதில் அடித்தான். அடுத்த சனி வந்து தமிழ் எழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னான்.

செபஸ்ரியனுடைய முகத்தை நான் பார்த்தேன். பெடியன் தனக்காகத் தாயிடம் பொய் சொல்கிறான் என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. வந்தவர்கள் போகும்வரைக்கும் அவன் தலை நிமிரவில்லை. திலகா அதை அடக்கம் என்று நினைத்திருப்பா.

திங்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பெட்டிகளைக் காரில் ஏற்றினான். மெற்றில்டாவும் கூடப் போக வேண்டியிருந்தது, அவள் இல்லாமல் அவனால் கதைக்க முடியாதே. கடையில் நின்ற வெள்ளைக்காரப் பெடியன் கொம்பியூட்டரைப் போட்டுப் பார்த்தான். திரையில் மெற்றில்டா என்று பெயர் வந்தது. அது யார் என்று கேட்டான். நான்தான் என்றாள். ஏதாவது பழுதோ என்று கேட்டான். செபஸ்ரியனுக்கு அது விளங்கியது, ஆனால் வாய் வரவில்லை. மகளைப் பார்த்துத் தமிழில் சொன்னான்:

"உனக்கு மனம் மாறிட்டுதெண்டு சொல்லு, பிள்ளை."

அவள் சொன்னாள். தனக்கு வேண்டாமாம், மனம் மாறிவிட்டதாம். கடைக்காரன் சிரித்துக்கொண்டே காசைத் திருப்பினான். உண்மையிலேயே அவன் ஏனென்று கேட்கவில்லை.

சனிக்கிழமை கிளமென்ட் டிஸ்குகளோடு வந்து மணி அடித்தான். செபஸ்ரியன் பின்பக்கம் உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் போய் நின்றுகொண்டான். சுகமில்லையென்று சொல்லச் சொன்னான். மெற்றில்டா கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டாள். வெறும் மேசைக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்:

"கொம்பியூட்டர் இல்லை. அது எங்கட இல்லை. நீங்க வாறீங்களெண்டு வாங்கிப்போட்டுத் திருப்பிக் குடுத்திட்டம்."

"தெரியும்," என்றான் கிளமென்ட். "அங்கிள் எங்க?"

தோய்க்கிற அறைக் கதவு மெல்லியது, எல்லாம் கேட்கும். செபஸ்ரியன் வெளியே வந்தான். பெடியன் எழும்பி நின்றான். அம்மாவிடம் சொல்ல வேண்டியதில்லை, இது தங்களுக்குள் இருக்கட்டும் என்றான். செபஸ்ரியன் கேட்கவில்லை. உம்முடைய காரில் என்னை அம்மாவிடம் கொண்டுபோம் என்றான்.

திலகாவின் வீட்டில் இருக்கச் சொல்லியும் இருக்காமல், நின்றபடியே முழுவதையும் சொன்னான். கோயில் மண்டபத்தில் சொன்ன ஓமிலிருந்து கடை வரைக்கும். பிறகு திலகா கேட்டா:

"கம்ப்யூட்டர் இல்லாத வீட்ல பொண்ணு எடுக்க மாட்டேன்னு நான் சொன்னேனாண்ணே?"

"இல்லை."

"அப்ப என்னைப் பத்தி என்னதான் நெனச்சீங்க?"

தன்னைப் பெரிதாகக் காட்டத்தான் பொய் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு போனவன், அந்த மனுசியைச் சிறிதாக்கிவிட்டேன் என்று அங்கேதான் கண்டானாம்.

திலகா ஒரு மாதம் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. கோயிலில் கண்டால் தலையை அசைத்துவிட்டுப் போவா. அந்த மாதத்தில் செபஸ்ரியன் கடைசி வரிசை வாங்குப் பலகையில் இருந்து, தேத்தண்ணிக்கு நிற்காமல் போய்விடுவான். பேனையும் இல்லை, மடிப்பும் இல்லை. பிறகு மெற்றில்டாவைத் தனியே கூப்பிட்டு திலகா கதைத்தா. என்ன கதைத்தார்களோ, அடுத்த வருசம் கலியாணம் நடந்தது. மருமகன் ஒருநாளும் அந்தக் கதையை எடுத்ததில்லை. திலகாவும் செபஸ்ரியனை முதல்மாதிரியே அண்ணே என்றுதான் கூப்பிட்டா.

ஒருநாள் செபஸ்ரியன் என் வீட்டுக்கு வந்து தேத்தண்ணியை ஆறவிட்டு இருந்தான். சம்பந்தி மன்னித்துவிட்டா, பிறகென்னடா என்று கேட்டேன்.

"அவையளைப் பற்றி இல்லை அக்கா. கடைக்காரனுக்கு முன்னால அந்தப் பிள்ளையைப் பொய் சொல்ல வச்சனே. அவள் என்னை ஒரு நாளாவது ஏசியிருக்கலாம். இண்டைக்கும் என்னோட கடைக்கு வாறாள், பக்கத்தில நிண்டு கதைக்கிறாள். ஒரு சொல் கேக்கேல்லை."

நீயாகக் கேள், பிள்ளை என்னை மன்னி என்று சொல் என்றேன். வாய் வரவில்லை அக்கா என்றான். அவன் சாகும்வரைக்கும் அது வரவில்லை என்று மெற்றில்டா என்னிடம் சொன்னாள்.